பயப்படுகிற நாளில்: ஆஸ்பத்திரி வராந்தாவிலும் போனிலும் அடிக்கடி கேட்ட கேள்விகள்

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் சபையிலிருந்து நாலைந்து பேர் ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வருவோம். பன்னிரண்டு வருஷமாக நானும் போகிறேன். நான் போதகர் இல்லை, வேதாகமக் கல்லூரிப் பக்கம் போனவனும் இல்லை. அதனாலோ என்னவோ, பாஸ்டரிடம் கேட்கக் கூச்சப்படுகிற கேள்வியை என்னிடம் கேட்டுவிடுகிறார்கள். 2020, 2021இல் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் போனபோது அதே கேள்விகள் ராத்திரி பதினொரு மணிக்குப் போனில் வந்தன.

திரும்பத் திரும்ப ஒரே பதிலைச் சொல்வதால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். வசனங்கள் பெரும்பாலான வீடுகளில் இருக்கிற பழைய மொழிபெயர்ப்பிலிருந்து. கத்தோலிக்க நண்பர்கள் கையில் இருக்கும் பைபிளில் சொற்கள் கொஞ்சம் மாறும்.

"அண்ணே, பயப்படுறது பாவமா?"

இல்லை. 56ஆம் சங்கீதத்தின் மூன்றாம் வசனத்தைப் பாருங்கள்: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." பயப்படுகிற நாள் ஒன்று வரும் என்று எழுதியவரே ஒத்துக்கொள்கிறார். அந்தச் சங்கீதத்தின் தலைப்பில், பெலிஸ்தர் தாவீதைக் காத் ஊரில் பிடித்தபோது பாடியது என்று இருக்கிறது. காத் என்பது கோலியாத்தின் சொந்த ஊர்.

1 சாமுவேல் 21இல் அந்தக் கதை வருகிறது. கோலியாத்தை விழுத்தாட்டிய அதே தாவீது, சவுலுக்குப் பயந்து ஓடி, கோலியாத்தின் பட்டயத்தையே இடுப்பில் கட்டிக்கொண்டு, கோலியாத்தின் ஊருக்குள் போய் நிற்கிறான். அங்கே அவனை அடையாளம் கண்டுகொண்டார்கள். மிகவும் பயந்துபோனான் என்று எழுதியிருக்கிறது. பைத்தியம் மாதிரி நடித்து, வாசல் கதவில் கீறி, தாடியில் எச்சில் ஒழுக விட்டுத் தப்பினான். ஞாயிறு பள்ளியில் கவண்கல் கதையைப் பத்துத் தடவை சொல்கிறோம், எச்சில் ஒழுகிய கதையை ஒரு தடவையும் சொல்வதில்லை.

"விசுவாசம் இருந்தா பயமே வராதுன்னு சாட்சி சொல்றாங்களே?"

சாட்சி எப்போது சொல்கிறோம்? எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு. ஸ்கேன் ரிப்போர்ட் வருவதற்கு முந்தின ராத்திரி யாரும் மைக்கைப் பிடிப்பதில்லை. முடிந்த பிறகு பார்த்தால் பயம் சின்னதாகத்தான் தெரியும். அவர்கள் பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை.

கெத்செமனே தோட்டத்தை மாற்கு 14இல் மெதுவாக வாசித்துப் பாருங்கள். இயேசு "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்" என்று இருக்கிறது. கூட இருந்த மூன்று பேரிடம் விழித்திருக்கச் சொல்கிறார், அவர்கள் தூங்கிவிடுகிறார்கள். இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று ஒரு தடவை கேட்டு நிறுத்தவில்லை, திரும்பத் திரும்பக் கேட்கிறார். அப்புறம் எழுந்து, தன்னைப் பிடிக்க வருகிறவர்களை நோக்கி நடக்கிறார். பயம் வந்ததே விசுவாசம் இல்லாததற்கு அடையாளம் என்றால் இந்தப் பக்கத்தை என்ன செய்வது?

"பைபிள்ல 365 தடவை 'பயப்படாதே'ன்னு இருக்காமே? நாளைக்கு ஒண்ணு வீதம்?"

கேட்க நன்றாக இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் அவ்வளவு வராது. வருகிறவற்றிலும் சில, ஒரு ராஜா தன் நண்பனின் மகனிடம் சொல்வது, ஒரு தாதி பிரசவ வேதனையில் இருக்கும் ராகேலிடம் சொல்வது போன்றவை. எண்ணிக்கையை விடுங்கள். அந்தச் சொல்லை அடுத்து என்ன வருகிறது என்பதைப் பார்ப்பது நல்லது. ஏசாயா 41:10இல் "நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்" என்று வருகிறது. பல இடங்களில் இதே மாதிரிதான். ஆபத்து இல்லை என்று அங்கே சொல்லப்படவில்லை, கூட ஆள் இருக்கிறது என்று சொல்லப்படுகிறது. இருட்டில் கொல்லைப்புறம் போகப் பயப்படும் பிள்ளையிடம் "அங்கே ஒண்ணும் இல்ல, போ" என்பதற்கும், "வா, நானும் வர்றேன்" என்பதற்கும் உள்ள வித்தியாசம்.

"ஆபரேஷனுக்கு முந்தின நாள் என்ன வசனம் வாசிக்கணும்?"

இதற்கு மருந்துச் சீட்டு மாதிரி பதில் கிடையாது. தெரிந்த சங்கீதத்தை எடுங்கள். பயத்தில் புதிதாக எதுவும் மண்டையில் ஏறாது, சின்ன வயதில் மனப்பாடம் செய்ததுதான் வாய்க்கு வரும்.

ஒரு அக்காவுக்கு இருதய ஆபரேஷன். முந்தின ராத்திரி நர்ஸ் வந்து நகை எதுவும் இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா தாலியைக் கழற்றி, மாத்திரை வந்த காகிதக் கவரில் போட்டு மடித்து என்னிடம் கொடுத்தார்கள். முப்பது வருஷத்தில் கழற்றியதே இல்லையாம். கை நடுங்கியது. "தம்பி, 23 சொல்லு" என்றார்கள். சொல்ல ஆரம்பித்தேன். கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், அவர் என்னை மேய்த்து, அவர் என்னை நடத்தி... நாலாம் வசனம் வந்ததும் அக்கா என்னை முந்திக்கொண்டு சொன்னார்கள்: "நான் மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும் பொல்லாப்புக்குப் பயப்படேன், தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்."

நூறு தடவையாவது சொல்லியிருப்பேன், அன்றைக்குத்தான் கவனித்தேன். புல்வெளியில் இருக்கும்வரை 'அவர்', 'அவர்' என்று கடவுளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது அந்தச் சங்கீதம். பள்ளத்தாக்கில் இறங்கியதும் 'தேவரீர்' என்று அவரிடமே பேச ஆரம்பிக்கிறது. அக்கா இப்போது நன்றாக இருக்கிறார்கள். ஆனால் அதற்காக இந்தக் கதையைச் சொல்லவில்லை. நன்றாக ஆகாதவர்களோடும் இதே சங்கீதத்தைச் சொல்லியிருக்கிறேன்.

"ஜெபம் பண்ணலாம்னு முழங்கால் போட்டா வார்த்தையே வர மாட்டேங்குது பிரதர்."

வர வேண்டாம். ரோமர் 8:26இல், நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ளத் தெரியாமல் இருக்கும்போது ஆவியானவரே "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" வேண்டுதல் செய்கிறார் என்று இருக்கிறது. பெருமூச்சு விடத் தெரிந்தால் போதும். இல்லையென்றால் முதல் கேள்வியில் சொன்ன வசனத்தையே மூச்சோடு சேர்த்துச் சொல்லுங்கள். 'நான் பயப்படுகிற நாளில்' என்று மூச்சை இழுங்கள், 'உம்மை நம்புவேன்' என்று விடுங்கள். மூச்சு நிதானமானால் உடம்பும் கொஞ்சம் அடங்கும்.

கோபமாக இருந்தால் கோபமாகவே சொல்லுங்கள். 88ஆம் சங்கீதம் முழுக்கப் புலம்பல்தான், இருளோடேயே முடிகிறது. கடைசியில் 'ஆனாலும் துதிப்பேன்' என்று ஒரு வரி ஒட்டவில்லை. அதையும் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

"வீட்ல தினமும் 91ஆம் சங்கீதம் வாசிச்சோம். அப்பா கொரோனாவுல போயிட்டாங்க. அப்ப அந்த வாக்குத்தத்தம் பொய்யா?"

இதை என்னிடம் கேட்ட பையனுக்கு அன்று பதில் சொல்லவில்லை. கூட உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். அடக்கத்துக்குக்கூட நாலு பேர்தான் போக முடிந்தது. இப்போது எழுதுவது அப்புறம் பல மாதம் யோசித்தது.

"வாதை உன் கூடாரத்தை அணுகாது" என்று அங்கே இருப்பது உண்மை. அந்தச் சங்கீதத்தைத் தாளில் எழுதிக் கதவில் ஒட்டியிருந்த வீடுகளுக்குள்ளும் வாதை வந்தது, அதுவும் உண்மை. 'விசுவாசம் போதவில்லை' என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். செத்தவர் மேல் பழியைப் போடுகிற சமாதானம் அது. அதை நான் ஏற்கமாட்டேன்.

மத்தேயு 4இல் இதே சங்கீதத்தை ஒருவர் மேற்கோள் காட்டுகிறார். சாத்தான்தான் அது. தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, தாழக் குதியும், தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறதே என்கிறான். இயேசு குதிக்கவில்லை. "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்கிறார். சங்கீதம் பொய் என்று அவர் சொல்லவில்லை, அதைக் காப்பீட்டுப் பத்திரமாக மாற்றவும் விடவில்லை. அப்புறம் அந்தச் சங்கீதத்தின் 15ஆம் வசனத்தில் "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்று வருகிறது. ஆபத்தே வராதவனுக்கு அந்த வரி எதற்கு? பாடினவருக்கே இரண்டும் தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். இது அந்தப் பையனின் கேள்விக்கு முழுப் பதில் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

"கோயிலுக்குள்ளயே இருந்தவங்க செத்தாங்களே? வேளாங்கண்ணிக்கு நேர்ச்சைக்குப் போனவங்களைக் கடல் கொண்டுபோச்சே?"

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணிக் கடற்கரையில் எங்கெங்கோ இருந்து வந்த யாத்ரீகர்கள் நின்றிருந்தார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. இலங்கையில் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் சபை, அதோடு கொழும்பு ஓட்டல்கள் என்று வரிசையாகக் குண்டு வெடித்தது. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மட்டக்களப்பில் இறந்தவர்களில் பலர் குழந்தைகள்.

இயேசுவிடமே இந்தக் கேள்வி வந்திருக்கிறது. லூக்கா 13இல், பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து வெட்டிக் கொன்றான் என்று செய்தி சொல்கிறார்கள். தொழுகை இடத்திலேயே நடந்த கொலை. இயேசு தாமாகவே இன்னொன்றையும் சேர்க்கிறார்: சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்களே. ஒன்று மனிதன் செய்தது, ஒன்று தற்செயலாக நடந்தது. இவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்கிறார். நீங்கள் மனந்திரும்புங்கள் என்று கேட்டவர்கள் பக்கமே திருப்புகிறார். ஏன் நடந்தது என்று அவர் விளக்கவில்லை. அவர் சொல்லாததை நாம் இட்டுக்கட்டிச் சொல்ல வேண்டாம். சுனாமிக்கு அடுத்த ஞாயிறு 'அந்தக் கடற்கரையில் பாவம் மிஞ்சியது' என்று பேசியவர்கள் இந்த அதிகாரத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

"மாஸ்க் போடுறது, ஊசி போடுறது எல்லாம் விசுவாசக் குறைவுதானே?"

1527இல் ஜெர்மனியில் விட்டன்பர்க் ஊருக்குக் கொள்ளைநோய் வந்தது. பல்கலைக்கழகத்தையே யேனா ஊருக்கு மாற்றினார்கள். அங்கே இருந்த சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரைக் கிளம்பச் சொல்லி அரசரிடமிருந்து உத்தரவு. அவர் போகவில்லை. மனைவி கத்தரீனா அப்போது கர்ப்பிணி. அவர்கள் வீடே ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிட்டது. அந்தச் சமயத்தில் பிரெஸ்லாவ் ஊர்ப் போதகர் யோகான் ஹெஸ், கொள்ளைநோய்க்குப் பயந்து ஓடலாமா என்று கேட்டிருந்த கேள்விக்கு லூத்தர் நீளமாகப் பதில் எழுதினார்.

அதில் அவர் சொன்னதன் சாரம்: கடவுளிடம் வேண்டிக்கொள்வேன், அப்புறம் வீட்டுக்குப் புகை போடுவேன், காற்றோட்டம் செய்வேன், மருந்து கொடுப்பேன், மருந்து சாப்பிடுவேன், என் தேவை இல்லாத இடத்துக்குப் போய் நோயை வாங்கிவந்து மற்றவர்களுக்குக் கொடுக்கமாட்டேன், ஆனால் பக்கத்து வீட்டாருக்கு நான் வேண்டும் என்றால் தயங்காமல் போவேன். மருந்தை ஒதுக்குவது விசுவாசம் இல்லை, அது தேவனைப் பரீட்சை பார்ப்பது என்றும் எழுதினார். மேலே உப்பரிகைக் கதையில் வந்த அதே பேச்சுதான். மாஸ்க் போட்டுக்கொண்டு சோற்றுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள், லூத்தர் பெயரைக் கேள்விப்படாமலே இதைச் செய்தார்கள்.

"ஆபத்துன்னா அங்கேயே நிக்கணுமா, ஓடலாமா? ஓடுனா கோழைதானே?"

ஓடலாம். யோசேப்பு ராத்திரியோடு ராத்திரியாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடினான். பவுலைத் தமஸ்குவில் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கிவிட்டார்கள். ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார்.

யார் ஓடக்கூடாது என்பதுதான் கேள்வி. லூத்தரின் அதே பதிலில் இதுவும் இருக்கிறது: உன்னை நம்பி ஒருவர் இருக்கிறார், உனக்குப் பதிலாகப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றால் நில், இல்லையென்றால் போக உனக்குச் சுதந்திரம் உண்டு. இதை வீட்டுக்குள்ளும் வைத்துப் பார்க்கலாம். அடிக்கிற புருஷனிடமிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிற பெண்ணுக்கு 'பொறுத்துக்கோ, அதுதான் சிலுவை' என்று சொல்கிறவர்கள் யோசேப்பின் கதையை இன்னொரு தடவை வாசிக்கட்டும்.

"நெஞ்சு படபடன்னு அடிக்குது, தூக்கம் இல்ல. ஜெபம் பண்ணியும் போகல. மனநல டாக்டர்கிட்ட போனா சபையில என்ன நினைப்பாங்க?"

சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவரைப் பற்றிச் சபை என்ன நினைக்கிறதோ அதையேதான் நினைக்க வேண்டும். நினைக்காவிட்டால் அது சபையின் கோளாறு. முதலில் சாதாரண டாக்டரிடம் போய் இருதயம், தைராய்டு எல்லாம் பார்த்துவிடுங்கள். யாரிடமும் சொல்ல முடியவில்லை என்றால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம். ராத்திரியிலும் எடுப்பார்கள். செத்துவிடலாம் போல இருந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். வீட்டில் ஒருவரை எழுப்புங்கள், அந்த எண்ணுக்கும் கூப்பிடுங்கள்.

எலியாவுக்கும் இது வந்தது. கர்மேல் மலையில் அத்தனை பேரை எதிர்த்து நின்றவன், யேசபேல் ராணி கொன்றுவிடுவதாக ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியதும் ஓடிப்போய் சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்கிறான். தேவதூதன் வந்து அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பி, சாப்பிடு என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுத் திரும்பத் தூங்குகிறான். மறுபடி எழுப்பி, மறுபடி சாப்பாடு. மற்றதெல்லாம் அப்புறம்தான்.

"பயப்படாதேன்னும் சொல்றாங்க, கர்த்தருக்குப் பயப்படுன்னும் சொல்றாங்க. எது சரி சார்?"

யாத்திராகமம் 20:20இல் இரண்டும் ஒரே வசனத்தில் வருகின்றன. பயப்படாதிருங்கள் என்று ஆரம்பித்து, தேவனுக்குப் பயப்படும் பயம் உங்களுக்கு முன்பாக இருக்க வேண்டும் என்று முடிக்கிறார் மோசே. இலக்கணமாக விளக்குவதைவிட இரண்டு பெண்களைக் காட்டுகிறேன். சிப்பிராள், பூவாள். எகிப்தில் மருத்துவச்சிகள். எபிரெய ஆண்குழந்தைகளைப் பிறந்தவுடனே கொன்றுவிடச் சொல்லி பார்வோன் கட்டளையிடுகிறான். அவர்கள் தேவனுக்குப் பயந்ததினால் அதைச் செய்யவில்லை. அந்தப் பயம் இருந்ததால் இந்தப் பயம் ஆளவில்லை. அந்த அதிகாரத்தில் பார்வோனுக்குப் பெயர் இல்லை, இந்த இரண்டு பேருக்கும் இருக்கிறது.

"வெளிப்படுத்தல்ல 'பயப்படுகிறவர்கள்' அக்கினிக்கடல்ல பங்கடைவாங்கன்னு இருக்கே? எனக்குக் கரப்பான்பூச்சிக்கே பயம்!"

சிரித்துக்கொண்டே கேட்டாலும் இதை நினைத்துத் தூங்காதவர்கள் உண்டு. வெளிப்படுத்தல் 21:8 உபத்திரவத்தில் இருந்த சபைகளுக்கு எழுதப்பட்டது. உயிருக்குப் பயந்து, தெரிந்தே கிறிஸ்துவை விட்டு அந்தப் பக்கம் சேர்ந்து அங்கேயே தங்கிவிடுகிறவர்களைத்தான் அது சொல்கிறது. நெஞ்சு படபடப்பதையோ பூச்சியையோ சொல்லவில்லை.

'அப்படி ஒரு நாள் வந்தால் நானும் மறுதலித்துவிடுவேனோ' என்பதுதான் இதற்கு அடியில் இருக்கிற பயம். பேதுரு கதை எல்லோருக்கும் தெரியும், வேறொன்று சொல்கிறேன். இங்கிலாந்தில் கேன்டர்பரி பேராயராக இருந்த தாமஸ் கிரான்மர், மேரி ராணி காலத்தில் சிறையில் இருந்தபோது, தன் புராட்டஸ்டன்ட் விசுவாசத்தைக் கைவிட்டதாக ஒன்றுக்கு மேற்பட்ட தாள்களில் கையெழுத்துப் போட்டார். 1556 மார்ச் 21, ஆக்ஸ்ஃபோர்டு. எல்லார் முன்னாலும் அதையே சொல்வார் என்று எதிர்பார்த்து அவரைப் பேச விட்டார்கள். அவர் அத்தனையையும் மறுத்துவிட்டார். கம்பத்தில் கட்டித் தீ மூட்டியபோது, கையெழுத்துப் போட்ட வலது கையை முதலில் தீயில் நீட்டினார். பயந்து எழுதியதும் அதே கைதான். நாளைக்கு வேண்டிய தைரியத்தை இன்றைக்கே கையில் வைத்திருந்தவர் மாதிரி எனக்கு அவர் தெரியவில்லை.

"வாட்ஸ்அப்ல கடைசி காலம் வந்துருச்சுன்னு அனுப்புறாங்களே?"

போர், பூமியதிர்ச்சி என்று மத்தேயு 24ஐ அனுப்புவார்கள். ஆறாம் வசனத்தின் பின்பாதியையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்: "ஆனாலும், முடிவு உடனே வராது." அதே வசனத்தில் "கலங்காதபடி எச்சரிக்கையாயிருங்கள்" என்றும் இருக்கிறது. கலங்க வைப்பதற்காக அந்த வசனத்தை அனுப்புவது வேடிக்கைதான்.

"பயந்துபோய் இருக்கிறவங்களைப் பார்க்கப் போனா என்ன பேசுறது தம்பி?"

குறைவாகப் பேசுங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவன் பக்கத்தில் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள்தான். வாயைத் திறந்த பிறகுதான் வினை.

'எல்லாம் நன்மைக்கே', 'எங்க மாமாவுக்கும் இதேதான், ஆறே மாசத்துல...' இரண்டையும் வாசலிலேயே விட்டுவிடுங்கள். ஃபிளாஸ்க்கில் சூடாக ஏதாவது கொண்டுபோங்கள். கூட இருப்பவர் போய்க் குளித்துவிட்டு வரட்டும், அதுவரை நீங்கள் உட்காருங்கள். ஜெபிக்கட்டுமா என்று கேட்டுவிட்டு ஜெபியுங்கள், சுருக்கமாக. பக்கத்துக் கட்டிலிலும் ஒருவர் தூங்க முயற்சி செய்துகொண்டிருப்பார்.

"உங்களுக்குப் பயமே வராதா?"

எனக்கு லிஃப்ட் பயம். பாதியில் நின்றுவிடும் என்று. நாங்கள் போகிற ஆஸ்பத்திரியில் இருதய வார்டு நாலாவது மாடி. கூட வருகிறவர்கள் லிஃப்ட்டில் ஏறிவிடுவார்கள், நான் படி. மூச்சோடு சேர்த்துச் சொல்லச் சொன்னேனே, அந்த வசனத்தை அந்தப் படியில்தான் பழகினேன். போன மாதம் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போக வேறு ஆள் இல்லாததால் ஏறினேன். நாற்காலியில் இருந்த பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, கையைக் குடு" என்று பிடித்துக்கொண்டார். இறங்கும்போது படியில்தான் வந்தேன்.